வகுப்பறையில் யூதப் பண்டிகை: பிள்ளையை அனுப்புவதா, நிறுத்துவதா?

லண்டனில் குடியிருக்கும் நம்மூர்ச் சகோதரி ஒருவர், நோன்புப் பெருநாள் கழிந்த சில நாட்களில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். மூன்றாம் வகுப்பில் படிக்கும் அவருடைய எட்டு வயது மகள் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் கொண்டு வந்திருக்கிறாள். அடுத்த வாரம் வகுப்பில் யூதர்களின் பஸ்கா பண்டிகை பற்றிய செயல்முறைப் பாடமாம். பிள்ளைகள் புளிக்காத ரொட்டி சுடுவார்கள், அட்டையில் பண்டிகைத் தட்டு செய்து வண்ணம் தீட்டுவார்கள், மேசையைச் சுற்றி உட்கார்ந்து சில உணவுகளைச் சுவைத்துப் பார்ப்பார்கள். ஒவ்வாமை ஏதும் இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கவும் என்று கடிதம் முடிகிறது.

"ஹஜ்ரத், அன்னைக்கு மட்டும் பிள்ளையை வீட்டுல வச்சுக்கிடவா? இவ வாப்பா அனுப்பவே கூடாதுன்னு சொல்றாங்க" என்று அந்தச் சகோதரி கேட்டிருந்தார்.

பதிவின் கடைசியில் போகிற போக்கில் அவர் சொன்ன இன்னொரு செய்திதான் நம்மை அதிகம் உறுத்தியது. முந்தைய வாரம் வகுப்பில் கதை சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிள்ளை, மோசஸ் என்று ஒருவர் இருந்தார், கெட்ட ராஜாவிடமிருந்து எல்லாரையும் காப்பாற்றினார், கடல் இரண்டாகப் பிளந்தது என்று கண்கள் விரியச் சொல்லியிருக்கிறாள். "அவங்க நம்ம மூஸா நபிம்மா" என்று உம்மா சொன்னதும் பிள்ளை ஒப்புக்கொள்ளவில்லை. "இல்லம்மா, அவரு யூதங்களோட ஆளு. மிஸ் சொன்னாங்க."

இந்தப் பிள்ளை மூன்று வருடமாக மாலை மக்தபுக்குப் போகிறாள். காயிதா முடித்து, குர்ஆனைப் பார்த்து ஓதுகிறாள். இருபது சூராக்களுக்கு மேல் மனப்பாடம். ஆனால் குர்ஆனில் வேறெந்த நபியின் பெயரைவிடவும் அதிகமாக இடம்பெற்ற மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை அவள் முதன்முதலாகக் கேட்டது பள்ளியின் சமயக் கல்வி வகுப்பில். அனுப்புவதா, நிறுத்துவதா என்ற கேள்விக்குப் பதில் தேடும் முன் இதை மனதில் வைத்துக்கொள்வோம். திரும்பவும் இதற்கே வருவோம்.

வகுப்பில் என்னதான் நடக்கிறது? பஸ்கா என்பது பனூ இஸ்ராயீல் மக்கள் மிஸ்ரின் அடிமைத்தனத்திலிருந்து மீண்டதை நினைவுகூரும் பண்டிகை. ஹீப்ரு நாட்காட்டியில் நிஸான் மாதம் 15-ஆம் நாள் தொடங்குகிறது. இவ்வாண்டு அந்த முதல் இரவு ஏப்ரல் 1. யூதர்களின் மாதங்களும் பிறையை ஒட்டியவைதான் என்றாலும், சில ஆண்டுகளில் ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வதால் பஸ்கா எப்போதும் வசந்த காலத்திலேயே வருகிறது. அந்த இரவில் குடும்பம் முழுவதும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து வரலாற்றைச் சொல்லிச் சொல்லியே உண்பதற்கு ஸேடர் என்று பெயர். ரொட்டி ஏன் புளிக்காதது? மாவு பொங்கும்வரை காத்திருக்க நேரமில்லாமல் புறப்பட்டதன் நினைவு. கசப்பான கீரையோ காரமான முள்ளங்கி வேரோ வைப்பது அடிமை வாழ்வின் கசப்பைக் காட்ட. ஆப்பிள், பட்டை, பேரீச்சம்பழம் முதலியவற்றை மசித்த கலவை, அவர்கள் சுமந்த செங்கல் சாந்தின் அடையாளம். பச்சைக் கீரையை உப்புநீரில் தோய்த்துத் தின்பார்கள். அந்த உப்புநீர் கண்ணீர். தட்டில் ஓர் ஆட்டு எலும்பு இருக்கும், அது உண்பதற்கல்ல.

இவை எல்லாவற்றையும்விட நம் கவனத்துக்குரியது வேறொன்று. அந்த மேசையில் இருப்பவர்களிலேயே இளைய பிள்ளைதான் கேள்வி கேட்க வேண்டும். இன்றைய இரவு மட்டும் ஏன் இப்படி, ஏன் இந்த ரொட்டி, ஏன் இந்தக் கசப்பு என்று பிள்ளை கேட்க, பெரியவர்கள் பதில் சொல்கிறார்கள். ரொட்டியில் ஒரு துண்டை ஒளித்து வைத்துப் பிள்ளைகளைத் தேடச் செய்வதும் உண்டு. பின்னிரவு வரை அவர்கள் தூங்கிவிடாமல் இருக்க அதுவும் ஒரு வழி. நாடிழந்து, ஊர் ஊராகத் துரத்தப்பட்ட ஒரு சமூகம் நூற்றாண்டுகள் கடந்தும் தன் வரலாற்றைப் பிள்ளைகளிடம் கொண்டு சேர்த்தது இந்தச் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான். ஆசிரியர்களுக்கு இந்தப் பண்டிகை பிடித்துப்போவதில் வியப்பில்லை. பாடமே தட்டில் வந்துவிடுகிறது.

சட்டத்தின் நிலை இதுதான். இங்கிலாந்தின் அரசு நிதியில் இயங்கும் பள்ளிகளில் 1944-இன் கல்விச் சட்டம் முதலே சமயக் கல்வி கட்டாயம். அதிலிருந்து பிள்ளையை முழுமையாகவோ ஒரு பகுதிக்கு மட்டுமோ விலக்கிக்கொள்ளும் உரிமை பெற்றோருக்கு உண்டு; காரணம் சொல்லத் தேவையில்லை. பாடத்திட்டம் கிறிஸ்தவத்துக்கு முதன்மை தந்தாலும் நாட்டில் உள்ள மற்ற முக்கிய சமயங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது 1988-இன் சட்டம். நம் பிள்ளைகளின் வகுப்புத் தோழர்கள் ரமளானையும் ஹஜ்ஜையும் அறிந்திருப்பது இந்த ஏற்பாட்டால்தான். பாடத்திட்டத்தை ஒவ்வொரு பகுதியின் உள்ளாட்சியும் தனித்தனியே வகுத்துவந்தது. 2025 நவம்பரில் வெளியான பாடத்திட்ட மீளாய்வு அறிக்கை, சமயக் கல்வியைப் படிப்படியாக தேசியப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவரப் பரிந்துரைத்திருக்கிறது.

அதே மாதத்தில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை அளித்தது. வட அயர்லாந்தில், பெல்ஃபாஸ்டின் தொடக்கப் பள்ளி ஒன்றில் படித்த சிறுமியும் அவளுடைய தந்தையும் தொடுத்த வழக்கு அது. கிறிஸ்தவக் குடும்பம் அல்ல. ஆனால் பிள்ளை கிறிஸ்தவ நம்பிக்கையை முழு உண்மையாகக் கற்று, வீட்டில் உணவுக்கு முன் ஜெபம் சொல்லத் தொடங்கினாள். அந்தப் பள்ளியின் சமயக் கல்வி நடுநிலையாகவும் பன்மைத்தன்மையோடும் இல்லை என்று நீதிமன்றம் கண்டது. 'வேண்டாமென்றால் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாமே' என்ற வாதமும் எடுபடவில்லை. விலக்கிக்கொள்வது பெற்றோருக்குப் பாரம், தனியே நிற்கவைக்கப்படும் பிள்ளைக்கு அது ஒரு முத்திரையாகிவிடும் என்றார்கள் நீதிபதிகள்.

நம் சகோதரியின் கேள்விக்கு இந்தத் தீர்ப்பிலிருந்து இரண்டு வெளிச்சங்கள் கிடைக்கின்றன. ஒன்று: ஒரு மதத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது வேறு, அந்த மதத்தையே சொல்லிக்கொடுப்பது வேறு. யூதர்கள் இப்படிச் செய்கிறார்கள், அதற்கு இன்ன காரணம் என்பது முதல் வகை. நாமும் இப்படித் துதிப்போம் வாருங்கள் என்பது இரண்டாம் வகை. மற்றது: வகுப்பிலிருந்து பிள்ளையை வெளியே எடுப்பது செலவில்லாத காரியம் அல்ல. முப்பது பிள்ளைகள் ரொட்டி தட்டும்போது ஒருத்தி மட்டும் நூலக மூலையில் உட்கார்ந்திருந்தால், 'யூதர் என்றால் தொடக்கூடாதவர்' என்ற பாடத்தையும் அவள் கற்றுக்கொள்கிறாள்.

இன்னொரு கோணமும் உண்டு. 2018 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஆசிரியர் சங்க மாநாட்டில் ஒரு கவலை எழுப்பப்பட்டது. சில பெற்றோர்கள் இஸ்லாம் பற்றிய பாடத்திலிருந்து மட்டும் பிள்ளைகளை விலக்கிக்கொள்கிறார்கள், இதைத் தடுக்க வேண்டும் என்பதே அது. மஸ்ஜிதைப் பார்க்கப் போகும் நாளில் மட்டும் விடுப்பு எடுக்கும் பிள்ளைகள் அங்கே உண்டு. அந்தப் பெற்றோர் மீது நமக்கு வருத்தம் வரும்தானே? யூதப் பெற்றோர் ஒருவர் நம்மைப் பார்த்து அதே வருத்தத்தை அடைந்தால் நாம் என்ன பதில் சொல்வோம்?

பிள்ளையின் வாப்பாவுக்கு வருவோம். அவருடைய கோபம் சட்டத்தைப் பற்றியதல்ல. காஸாவில் பிள்ளைகளை இடிபாடுகளிலிருந்து தோண்டி எடுக்கும் காட்சிகளை ஈராண்டுகளுக்கும் மேலாகப் பார்த்தவர் அவர். காஸா சுகாதார அமைச்சகத்தின் கணக்கில் கொல்லப்பட்டோர் 70,000-ஐத் தாண்டிவிட்டார்கள். இந்த நேரத்தில் யூதப் பண்டிகையை என் பிள்ளை விளையாட்டாகக் கொண்டாட வேண்டுமா என்று அவர் கேட்கிறார். இந்தக் கோபம் ஈமானிய உணர்விலிருந்து வருவது. இதை நாம் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் கோபம் யார் மீது போய் விழுகிறது என்பதில்தான் அல்லாஹ்வுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

2024 பஸ்காவின்போது நியூயார்க்கின் புரூக்ளினில், அமெரிக்க செனட்டின் அன்றைய பெரும்பான்மைத் தலைவர் சக் ஷூமரின் வீட்டருகே யூதர்கள் தெருவிலேயே ஸேடர் நடத்தினார்கள். இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுக்காதே என்பது அவர்களின் கோரிக்கை. இருநூறு பேருக்கும் மேல் கைதானார்கள். அடிமைத்தளை அறுந்த நாளைக் கொண்டாடும் நாங்கள், இன்னொரு சமூகத்தை முற்றுகையிட்டுப் பட்டினி போடுவதற்கு எப்படித் துணைபோவது என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. ஸேடர் மேசையிலேயே ஒரு வழக்கம் இருக்கிறது: மிஸ்ரின் மீது இறங்கிய வேதனைகளை ஒவ்வொன்றாகச் சொல்லும்போது கிண்ணத்திலிருந்து ஒவ்வொரு துளியை எடுத்து வெளியே விடுவார்கள். எதிரியும் மனிதன்தான், அவன் பட்ட துன்பத்தால் நம் மகிழ்ச்சி குறைகிறது என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். இந்தப் பொருளை மறந்தவர்கள் இஸ்ரேலில் ஆட்சி நடத்துகிறார்கள் என்றால், மறக்காதவர்களும் இருக்கிறார்கள் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

மறுபக்கத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 2025 அக்டோபரில் மான்செஸ்டரின் ஹீட்டன் பார்க் ஸினகாக்கில், யூதர்களின் மிகப் புனிதமான நாளன்று தாக்குதல் நடந்தது. டிசம்பரில் சிட்னியின் போண்டாய் கடற்கரையில், ஹனுக்கா பண்டிகைக்குக் கூடியிருந்தவர்கள் மீது தந்தையும் மகனுமாகச் சுட்டதில் 15 பேர் உயிரிழந்தார்கள். அங்கே வெறும் கையோடு பாய்ந்து, சுட்டுக்கொண்டிருந்தவனின் துப்பாக்கியைப் பறித்தவர் அஹ்மத் அல்அஹ்மத் என்ற சிரியாவில் பிறந்த முஸ்லிம். நம் பிள்ளைகள் யாரைப்போல் வளர வேண்டும் என்று நாம் விரும்புகிறோம் என்பதற்கு இந்தப் பெயர் போதும்.

மார்க்கம் என்ன சொல்கிறது? இந்த விஷயத்தில் நமக்கு நேரடியான முன்னுதாரணம் இருக்கிறது. நாம் ஆண்டுதோறும் ஜும்ஆ மேடைகளில் சொல்லும் செய்திதான். ஆனால் அதை இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அங்குள்ள யூதர்கள் ஆஷூரா நாளில் நோன்பு வைத்திருப்பதைக் கண்டார்கள். இது என்ன நாள் என்று அவர்களிடமே கேட்டார்கள். மூஸாவையும் பனூ இஸ்ராயீலையும் எதிரியிடமிருந்து அல்லாஹ் காப்பாற்றிய நாள் என்று அவர்கள் சொன்னார்கள். மூஸா விஷயத்தில் நமக்கே உரிமை அதிகம் என்று கூறி நபி (ஸல்) அவர்கள் தாமும் நோன்பு வைத்தார்கள், தோழர்களையும் வைக்கச் சொன்னார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். வஹீ இறங்கும் நபி, யூதர்களின் நாளைப் பற்றி யூதர்களிடமே கேட்கிறார்கள். அவர்கள் சொல்வதை முழுமையாகக் கேட்கிறார்கள். கேட்டபின் ஒதுங்கவில்லை, உரிமை கொண்டாடினார்கள். பிற்காலத்தில், அவர்களிலிருந்து வேறுபட வேண்டும் என்று தோழர்கள் கேட்டபோது, அடுத்த ஆண்டு ஒன்பதாம் நாளும் நோன்பு வைப்போம் என்றார்கள். அடுத்த ஆண்டு வருமுன் வஃபாத்தானார்கள். கேட்டு அறிந்துகொள்வது, பொதுவானதை உரிமையோடு ஏற்பது, நம் தனித்தன்மையை ஒரு நாளைக் கூட்டிக் காத்துக்கொள்வது என மூன்றும் இந்த ஒரு சுன்னத்தில் அடங்கியிருக்கின்றன. மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு முதலிரண்டையும் விட்டுவிட்டால் அது முழு சுன்னத் ஆகாது. ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கச் சொன்னதும் நபி (ஸல்) அவர்கள்தான். அந்த இளைஞர் அரை மாதத்தில் கற்றுத் தேர்ந்தார்.

ஆக, பிள்ளை ரொட்டி சுடலாம், மாவும் தண்ணீரும்தானே. தட்டு செய்யலாம், வண்ணம் தீட்டலாம், உப்புநீரில் கீரையைத் தோய்த்துச் சுவைக்கலாம், ஏன் என்று கேட்கலாம். கிண்ணத்தில் இருப்பது திராட்சைச் சாறு மட்டும்தானா என்று பெற்றோர் ஆசிரியரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். தொப்பி அணிவித்து, மெழுகுவத்தி ஏற்றி, யூதர்களின் துதியைப் பிள்ளைகளை ஓதச் செய்வதாக இருந்தால் அந்தப் பகுதியிலிருந்து மட்டும் ஒதுங்கிக்கொள்ளலாம். பிற சமூகத்தின் வணக்கத்தை ஒப்பச் செய்வது நமக்குக் கூடாது என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபினருக்கும் மாற்றுக் கருத்தில்லை. யூதர்களிலேயே பலரும் தங்கள் ஸேடரை மற்றவர்கள் நாடகம்போல் நடத்திக் காட்டுவதை விரும்புவதில்லை. நம் தொழுகையை விளையாட்டாக வரிசையில் நின்று நடித்துக் காட்டினால் நமக்கு எப்படி இருக்கும்? ஆசிரியரிடம் பேசும்போது இதைச் சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். இதில் கடினமான நிலைப்பாடு கொண்ட ஆலிம்களும் இருக்கிறார்கள். நம் கருத்தைச் சொல்லியிருக்கிறோம்.

பர்மிங்காமின் மோஸ்லி பகுதியில் கிங் டேவிட் என்ற யூதத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. அதில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள் என்று 2007-இல் லண்டன் நாளேடு ஒன்று எழுதியபோது பலரும் வியந்தார்கள். ஒழுக்கமான சூழல், நல்ல படிப்பு, பன்றி இறைச்சி நுழையாத சமையலறை இவற்றை எண்ணி முஸ்லிம் பெற்றோர் தாங்களாகவே தேடிப்போய்ச் சேர்த்தார்கள். பிள்ளைகள் ஹீப்ரு படிக்கிறார்கள். யூதர்களின் பிரார்த்தனைகளைச் சொன்னதாகவும் இஸ்ரேலியக் கொடியை அசைத்ததாகவும்கூட அந்தச் செய்தி சொன்னது. அந்த எல்லை வரை நாம் போகமாட்டோம். பிரார்த்தனை விஷயத்தை மேலே சொல்லிவிட்டோம். கொடி என்பது ஒரு சமயத்தைப் பற்றிய பாடமே அல்ல, அரசியல். நம் பிள்ளையின் வகுப்பில் பஸ்காவோடு இஸ்ரேலிய அரசின் பெருமையும் சேர்ந்து வருமானால், தயங்காமல் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். யூத மார்க்கம் வேறு, அந்த அரசு வேறு என்று நாம் பிள்ளைக்குச் சொல்வதைப் பள்ளியும் கடைப்பிடிக்க வேண்டும் அல்லவா?

இப்போது அந்தப் பிள்ளை சொன்ன சொல்லுக்குத் திரும்புவோம். "அவரு யூதங்களோட ஆளு." இதில் பள்ளியின் தவறு எதுவுமில்லை. நாம் மத்ரஸாவில் தஃப்ஸீர் ஓதியபோது தாஹா, ஷுஅரா, கஸஸ் சூராக்களில் மூஸா (அலை) வரலாற்றை மாதக்கணக்கில் படித்தோம். பிறகு மக்தபில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது மக்ரஜையும் மத்துகளையும் திருத்துவதிலேயே மணி முடிந்துபோனது. ஐந்து நிமிடம் கதை சொன்னோமா என்று இன்று நினைத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. நம் ஊர்களில் முன்பு அந்தக் குறையை நன்னம்மாக்கள் நிரப்பினார்கள், இஷாவுக்குப் பின் திண்ணையில். லண்டன் அடுக்குமாடி வீட்டில் திண்ணையும் இல்லை, நன்னம்மாவும் இல்லை.

பள்ளிக்கு அனுப்பும் முன் மூன்று இரவுகள் போதும். அதிலும் பிள்ளை வகுப்பில் கேட்காத பகுதிகளைச் சொல்லுங்கள். பைபிளில் ஆற்றில் வந்த குழந்தையை எடுப்பவள் ஃபிர்அவ்னின் மகள். குர்ஆனில் 'கொன்றுவிடாதீர்கள்' என்று மன்றாடுபவர் அவன் மனைவி, நாம் ஆஸியா (அலை) என்று போற்றும் பெண்மணி. பைபிளில் மூஸாவின் கை குஷ்டம்போல் வெளுக்கிறது. குர்ஆனில் எந்தக் குறையுமின்றி ஒளிர்கிறது. பைபிளில் வேதனைகள் பத்து. குர்ஆன் ஒன்பது அத்தாட்சிகள் என்கிறது. வெள்ளம், வெட்டுக்கிளி, பேன், தவளை, இரத்தம் என்று வரிசையாகச் சொல்கிறது. தலைப்பிள்ளைகள் இறந்ததும், வாசலில் இரத்தம் பூசிய வீடுகளை வேதனை கடந்து சென்றதும் யூதர்களின் வேதத்தில் உள்ளவை. பண்டிகைக்குப் பெயரே அதிலிருந்துதான். குர்ஆன் அதைச் சொல்லவில்லை. சூனியக்காரர்கள் ஸஜ்தாவில் விழுந்து ஈமான் கொண்டதும், மாறுகால் மாறுகை வாங்கப்படும் என்ற மிரட்டலுக்கு அஞ்சாமல் நின்றதும் குர்ஆன் மட்டுமே சொல்லும் அற்புதமான இடம். வகுப்பில் அது வராது. சற்று வளர்ந்த பிள்ளையென்றால் காளைக்கன்று விஷயத்தையும் சொல்லலாம்: பைபிள் அதை ஹாரூன் (அலை) மீது சாட்டுகிறது, குர்ஆன் ஸாமிரியின் பெயரைச் சொல்லி நபியைக் குற்றமற்றவர் என்கிறது. ஒரே வரலாறு எங்கே சேர்கிறது, எங்கே பிரிகிறது என்று தெரிந்த பிள்ளைக்கு வகுப்பறையில் எந்தக் குழப்பமும் வராது.

சகோதரிக்கு இதைத்தான் சுருக்கமாகப் பதில் அனுப்பினோம். அவர் ஆசிரியைக்கு நான்கு வரியில் எழுதிக் கேட்டிருக்கிறார். துதி எதுவும் ஓதப்படாது, கிண்ணத்தில் திராட்சைச் சாறு மட்டும்தான் என்று அன்றே பதில் வந்துவிட்டது. உங்கள் வீட்டில் இந்த வரலாற்றை எப்படிச் சொல்வீர்கள், மகள் வகுப்பில் சொல்வாளா என்றும் ஆசிரியை கேட்டிருக்கிறார். வாப்பா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். மூன்றாம் நாள் இரவு, பெட்டி ஆற்றில் மிதந்து போக அக்கா கரையோரமாக யாருக்கும் தெரியாமல் பின்தொடர்ந்து போன கட்டத்தைப் பிள்ளைக்குச் சொன்னதே அவர்தானாம். வகுப்பில் அவள் எழுந்து நின்று சொன்னதும் அந்தக் கட்டத்தைத்தான்.

ஓரம் கருகிய ஒரு ரொட்டியின் படத்தைச் சகோதரி அனுப்பியிருந்தார். ஜூன் பிற்பகுதியில் ஆஷூரா வருகிறது, இந்தத் தடவை தானும் நோன்பு பிடிக்கப்போவதாக மகள் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். லண்டனில் அந்த மாதத்தில் நோன்பு பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் நீளும். லுஹர் வரை பிடித்தால் போதும் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.